தராசில் வைத்த விரதம்

தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற பெரிய கிரேனில் ஏறி உட்கார்ந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? விரல்விட்டு எண்ணினால் கூட சீக்கிரம் முடிந்துவிடும். அந்தச் சிலரில் இசக்கிராஜா ஒருவன். வயது நாற்பத்து மூன்று. சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைகிற கிராமம். அப்பனும் அப்பனுக்கு அப்பனும் சேற்றில் நின்றவர்கள். இவன் மட்டும் பன்னிரண்டு மாடி உயரத்தில், கால் வைக்கிற தரையே கண்ணாடியாக இருக்கிற ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து வேலை பார்த்தான்.

பதினாறு வருஷம் ஆகியும் அது அவனுக்குப் பழகிப்போகவில்லை. லிஃப்டில் மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் எதையும் தொடாமல் இருப்பான். ஒரு பக்கம் முயல்தீவும் அதைத் தாண்டி முடிவே இல்லாத கடலும். மறுபக்கம் உப்பளம், கண்ணைக் கூசவைக்கிற வெள்ளையாய். காலுக்கு நேர் கீழே ஒரு தெரு நீளத்துக்குக் கப்பல் கிடக்கும். முப்பது டன் பெட்டியை அவன் வலது கைக் கட்டைவிரல் அசைவில் தூக்கி, கீழே நிற்கிற ட்ரெய்லரின் நாலு மூலையிலும் சரியாகப் பொருந்துகிற மாதிரி இறக்கி வைப்பான். 'நம்மளையா இங்கன கொண்டாந்து உக்கார வச்சிருக்கு' என்று தினமும் வியப்பாக இருக்கும். தினமும் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பான்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. ஆனி மாதக் கடைசியில் நடந்த வருஷாந்தர உடல் பரிசோதனையில் எடை தொண்ணூற்றாறு கிலோ என்றது மெஷின். பிரஷர் நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்று நாலு. டாக்டரம்மா நல்ல மாதிரிதான், ஆனால் பேச்சில் வளைசல் கிடையாது. மாத்திரை எழுதிக் கொடுத்து, எட்டு கிலோ குறைக்கச் சொல்லி, பிரஷரை நூற்று நாற்பதுக்குக் கீழே கொண்டுவரச் சொன்னார். தசரா முடிந்த மறுவாரம் மறுபடி பார்ப்பார். அதுவரை பகல் ஷிப்டில் மட்டும், வாரத்துக்கு ஒரு தடவை நர்ஸிடம் பிரஷர் காட்டிவிட்டு ஏறலாம். அப்படியும் சரியாகாவிட்டால் கிரேனை மறந்துவிட வேண்டியதுதான். கீழே யார்டில் நின்று பெட்டி நம்பர் சரிபார்க்கிற வேலை கொடுப்பார்களாம். சம்பளத்தில் பெரிய மாற்றம் இல்லை. அதைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். சம்பளமா பிரச்சினை? தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே மிச்ச வருஷத்தை ஓட்ட முடியுமா என்பதுதான் அவன் கவலை.

அன்று சாயங்காலமே போய் ஒரு எடை மெஷினும் சமையலறைத் தராசும் வாங்கி வந்தான். செல்போனில் கலோரி கணக்கு போடுகிற ஆப் ஒன்றை இறக்கினான். மனைவி சரண்யாதேவியிடம் இனிமேல் தனக்கென்று எதையும் சமைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். காலையில் தண்ணீரில் காய்ச்சின ஓட்ஸ். மதியம் முட்டையின் வெள்ளைக்கரு ரெண்டு, வெள்ளரிக்காய். ராத்திரிக்கு ஒரு சப்பாத்தி, அதுவும் நிறுத்துப் பார்த்து. பொரிச்ச பரோட்டாவும் சாளைக் குழம்பும் தின்று வளர்ந்த உடம்பு அது. முதலில் திகைத்துப் போய்ச் சொன்னபடி கேட்டது. பதினைந்து நாளில் மூன்று கிலோ போயிற்று. இவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் வேடிக்கை. தொண்ணூற்று மூன்றில் மெஷின் நின்றது. நின்றது என்றால் அப்படி ஒரு நிற்பு. சப்பாத்தியைப் பாதியாக்கினான், நகரவில்லை. ஓட்ஸை நிறுத்தினான், அரை கிலோ ஏறிக் காட்டியது. காலையில் ஒரு தடவை, குளித்துவிட்டு ஒரு தடவை, தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை என்று மெஷினில் ஏறி ஏறி இறங்கினான். ராத்திரி தூக்கம் வராது. கண்ணை மூடினால் தொண்ணூற்று மூன்று வந்து நிற்கும். கேபினில் ஒருநாள் பெட்டியைப் பிடிக்கிற சட்டம் மூன்று தடவை மூலை தப்பியது. பதினாறு வருஷத்தில் நடக்காதது. யாருக்கும் தெரியாமல் நாலாவது தடவை பிடித்துவிட்டான், ஆனால் சட்டை முழுக்க வேர்வை.

அந்த வாரம் பிரஷர் நூற்று எழுபத்திரண்டு. நர்ஸ் ஜெபசெல்வி அவனை உட்காரவைத்து, ஒரு டீ குடிக்கிற நேரம் பேசினாள். அவள் சொன்னதன் சாரம் இதுதான். உடம்புக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சோறு குறைந்தால், வீட்டுக்காரன் டயட் இருக்கிறானா, ஊரில் பஞ்சம் வந்துவிட்டதா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதோடு மனசும் பயந்துகொண்டே இருந்தால், பஞ்சமேதான் என்று முடிவு கட்டி, கிடைக்கிறதைப் பதுக்கும், ரத்தத்தை விரட்டும், தூங்கவிடாது. "நீங்க பசியோட மட்டும் இல்லண்ணே, பயத்தோடயும் இருக்கீங்க. ரெண்டும் சேந்தா ஆகாது" என்றாள்.

கேட்டுக்கொண்டான். பயப்படாமல் இருக்க வேண்டும் என்று ஒரு புதுப் பயம் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஆவணி பிறக்கும்போது அவனுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது அம்மனே காதில் சொன்ன மாதிரி இருந்தது. பதினோரு வருஷமாகக் குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனுக்கு மாலை போட்டுத் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவன் அவன். காளி வேஷம் என்றால் சும்மா இல்லை. மற்ற வேஷக்காரர்கள் பத்து நாள், இருபது நாள் விரதத்தோடு தப்பித்துக்கொள்ளலாம். காளிக்கு நாற்பத்தொரு நாள். தானே பொங்கின பச்சரிசிச் சோறு, ஒரு நாளைக்கு ஒரே வேளை. இந்த நாற்பத்தொரு நாளில் மிச்ச ஐந்து கிலோவும் தானாகப் போய்விடாதா என்று கணக்குப் போட்டான். வழக்கம்போலக் குலசையில் கடலில் முழுகி, மாலை போட்டுக்கொண்டு, வழக்கமில்லாத ஒரு வேண்டுதலையும் சேர்த்து வைத்தான். 'தாயே, எண்பத்தெட்டுக்குக் கொண்டாந்துரு.'

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முந்தின பதினோரு வருஷமும் விரதத்தில் அவனுக்குப் பசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே பசிக்கும். ஆனால் அந்தப் பசியில் பயம் கிடையாது. சாயங்காலம் அம்மன் படத்துக்கு முன்னால் சோற்றைப் படைத்து, நெய் ஊற்றி, சூடம் காட்டி, பிறகு வயிறு நிறையச் சாப்பிடுவான். அதற்கப்புறம் மறுநாள் வரைக்கும் சோற்றைப் பற்றிய நினைப்பே இருக்காது. படுத்தால் தூக்கம். அந்த நாட்களில் அவன் குரல்கூட இறங்கிவிடும். வருஷத்தில் அந்த ஒன்றரை மாசத்துக்காகவே காத்திருப்பேன் என்று சரண்யாதேவி தன் தங்கையிடம் ஒருதரம் சொல்லியிருக்கிறாள்.

இந்த வருஷம் அவன் படையல் சோற்றைத் தராசில் வைத்தான். அம்மனுக்குப் படைத்த சோற்றை! சூடம் அணைந்ததும் இலையை அப்படியே தூக்கித் தராசில் வைத்து, நூற்றைம்பது கிராமுக்கு மேலே இருந்ததை வழித்துத் திரும்பப் பானையில் போடுவான். அவன் சேர்ந்திருந்த தசரா குழுவுக்குத் தலைவர் தாணுலிங்கம் அண்ணாச்சி, முத்தையாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். அவருக்கு இது தெரிந்திருந்தால் மாலையைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். தெரியாமல் பார்த்துக்கொண்டான். வீட்டில் இருக்கிறவளிடம் மறைக்க முடியவில்லை.

விரதத்தின் இருபதாம் நாளோ என்னவோ, சரண்யாதேவி படையல் சோற்றில் வழக்கம்போல ஒரு கரண்டி நெய் ஊற்றிவிட்டாள். அவன் பார்த்துவிட்டு, ஸ்பூனால் அந்த நெய்யை ஒதுக்கி ஒதுக்கி வழித்தான். வழிக்க வழிக்க அது சோற்றுக்குள் இறங்கியது. அப்போது அவன் கத்தின கத்தல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். ஒரு கரண்டிக்கு எத்தனை கலோரி என்று தெரியுமா, என் வேலையில் மண்ணைப் போடப் பார்க்கிறாயா என்றெல்லாம் கேட்டான். மாலை போட்டவன் கோபப்படவே கூடாது. மாலை போட்ட ஆளைப் பதிலுக்குப் பேசினால் அது அம்மனைப் பேசின மாதிரி. அவள் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் அன்று சாப்பிடாமல் எழுந்து போய் மெஷினில் ஏறினான். தொண்ணூற்று இரண்டரை.

குலசையில் கொடியேறி, காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டினால்தான் வேஷம் கட்டலாம். வேஷம் கட்டி ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்க் காணிக்கை வாங்கி, கடைசி நாளில் குலசைக் கடற்கரையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவன் பத்து நாள் லீவு போட்டான். குழுவின் கொட்டகையில் அவனுக்குக் காளி கட்ட மூன்று மணி நேரம் ஆனது. முகத்துக்குச் சாயம். முதுகில் பலகையில் பொருத்தின எட்டு மரக்கைகள். தலையில் சடைமுடி, அதற்கு மேல் கிரீடம். எல்லாம் சேர்த்து இருபது கிலோ வரும். கடைசியாக வாய்க்குப் பல். தகட்டில் செய்த கோரைப்பல்லும் தொங்குகிற சிவப்பு நாக்கும் ஒன்றாக இருக்கும். அதைக் கடவாயில் வைத்துக் கடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதைக் கடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவதே பெரும்பாடு. பேச்சு என்பதே கிடையாது. அதனால் பக்கத்தில் தாணுலிங்கம் அண்ணாச்சி விபூதித் தட்டோடு கூடவே வருவார்.

மூன்றாம் நாள் மத்தியானம், மேளத்தோடு அவர்கள் முத்தையாபுரத்துக்குள் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. கிரீடத்தின் கனத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. இந்தப் பாரத்தோடு நடந்தால் எத்தனை கலோரி போகும் என்று காளிக்குள் இருந்தவன் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தான். அப்படியே தன் சொந்தத் தெருவுக்கும், தன் சொந்த வீட்டு வாசலுக்கும் வந்து நின்றான்.

வேஷம் கட்டியவன் தன் வீட்டு வாசலில் நிற்கும்போது அவன் அந்த வீட்டு ஆள் இல்லை. பெற்றவளே ஆனாலும் காலில் விழுவாள். அங்கே நிற்பது அம்மன். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சரண்யாதேவி மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து, அவன் பாதத்தில் ஊற்றித் துடைத்து, பொட்டு வைத்தாள். பதினோரு வருஷமும் அதோடு விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்துவிடுவாள். இந்த வருஷம் எழவில்லை. இரண்டு கையாலும் அவன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டாள். மேளக்காரர்கள் தாங்களாகவே அடியைக் குறைத்தார்கள்.

"தாயே, ஒங்கிட்ட மறைக்க என்ன இருக்கு" என்று ஆரம்பித்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். "எம் வீட்டு மனுசனுக்கு எடையைக் கொறச்சுக் குடுன்னு நானும் ஒங்கிட்ட வேண்டுனேன். இப்பம் எனக்கு அது வேண்டாம். மூணு மாசமா அவுக சோத்தை நிறுத்துப் பாக்கதைப் பாத்துப் பாத்து, எனக்குத் தொண்டைக்குக் கீழ ஒரு வாய் எறங்க மாட்டேங்கு. அவுகட்ட சொல்ல எனக்குப் பயமா இருக்கு தாயே. அவுக கிரேன்ல ஏறுனாலும் சரி, தரையில நின்னாலும் சரி. அந்தப் பழைய மனுசனை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துரு."

இசக்கிராஜா குனிந்து பார்த்தான். கிரீடம் சரியாமல் இருக்க அண்ணாச்சி பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். அவள் ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்திருந்தது. கையில் கிடந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிருந்தது. கழுத்தெலும்பு ரெண்டும் தூக்கிக்கொண்டு நின்றன. ஐயோ, இவள் எப்போது இப்படி ஆனாள்? ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, தன் எடையை நாளைக்கு ஐந்து தடவை கிராம் கணக்கில் பார்த்தவன் அவன். அவன் கடைப்பிடித்த டயட்டில் மெலிந்தது அவள். அவனிடம் சொல்லப் பயந்து அவனிடமே அழுகிறாள்.

அழுதுவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லப் பார்த்தான். தகட்டுப் பல்லைக் கடித்திருந்த வாயில் சொல் எதுவும் வரவில்லை. தட்டிலிருந்து விபூதியை அள்ளி அவள் நெற்றியில் பூசி, உச்சந்தலையில் கையை வைத்தான். வைத்த கைக்குள் என்னமோ ஓடியது. உள்ளங்காலிலிருந்து ஒன்று கிளம்பி முதுகுத்தண்டு வழியாக ஏறியது. மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. பதினோரு வருஷம் வேஷம் கட்டியிருக்கிறான், சாமி வந்து ஆடியும் இருக்கிறான், ஆனால் இப்படி ஒன்றை அவன் அறிந்ததில்லை. மேளம் திடீரென்று உச்சத்துக்குப் போனது அவனுக்குத் தெரியும். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று தெரியாது. நினைவு வந்தபோது தெருமுனையில் நடந்துகொண்டிருந்தான். கிரீடத்தின் கனமே தெரியவில்லை.

சாயங்காலம் வேஷம் கலைத்து, குளித்து, சோறு பொங்கினான். படைத்து, தானே நெய்யை ஊற்றினான். சூடம் அணைந்ததும் தராசு இருந்த பக்கம் கை போகவில்லை. இன்னொரு இலையைப் போட்டு, அதிலும் பிரசாதச் சோற்றை வைத்து அவளைக் கூப்பிட்டான். விரதச் சோற்றைத் தனியாகத்தானே சாப்பிடுவீர்கள் என்று அவள் தயங்கினாள். உட்காரச் சொன்னான். அவள் முதல் வாய் எடுத்து மென்று விழுங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவனும் சாப்பிட்டான். வயிறு நிறைந்தது. அன்று அவன் தூங்கின தூக்கத்தில் மறுநாள் மேளக்காரர்கள் வந்து எழுப்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் திருவிழா முடிகிறவரை மெஷினில் ஏறவில்லை.

பரிசோதனைக்குப் போன அன்று மட்டும் பழைய பயம் எட்டிப் பார்த்தது. எடை தொண்ணூற்றொன்று நானூறு. எண்பத்தெட்டு இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டான். ஆச்சரியம் என்னவென்றால், நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. டாக்டரம்மா பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கழற்றி இன்னொரு கையில் சுற்றினார். ஜெபசெல்வியைக் கூப்பிட்டு அவளையும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். நூற்று முப்பதுக்கு எண்பத்திரண்டு. அதே மாத்திரைதானா, வேறு எங்காவது வைத்தியம் பார்த்தீர்களா என்று கேட்டார். அதே மாத்திரைதான் என்றான். எடை கிடக்கட்டும், அது மெதுவாக வரும், ஆறு மாசம் கழித்துப் பார்ப்போம் என்று சொல்லி, தாளில் கையெழுத்துப் போட்டார். நாளைக்குக் கிரேனில் ஏறலாம்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைச் சரண்யாதேவியிடம் கொடுத்தான். அவள் அதை அம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. அவனுக்குக் கேட்கவேண்டும் போல இருந்தது.

"அன்னைக்கு வாசல்ல வச்சு, எங்கிட்ட அப்படிச் சொன்னியே" என்று ஆரம்பித்தான்.

"உங்ககிட்ட நான் எப்பம் சொன்னேன்?" என்றாள் அவள், உண்மையிலேயே புரியாமல். "நான் அம்மன்கிட்டல்லா சொன்னேன்."

அவள் சொன்னதுதான் சரி. அன்று அவள் சொன்ன வார்த்தைகள் எல்லாம் அந்த வாசலில் நின்ற அம்மனுக்கு உரியவை, அவனுக்கு இல்லை; அவற்றுக்காக அவன் மன்னிப்புக் கேட்க முடியாது. விளையாட்டுப் போல, அம்மன் அதற்கு என்ன செய்தாள் என்று கேட்டான். விபூதி பூசினாள் என்பாள், தலையில் கை வைத்தாள் என்பாள் என்று எதிர்பார்த்தான்.

"பேசினாள்லா. அண்ணாச்சியும் பக்கத்துலதான நின்னாவ" என்றாள் சரண்யாதேவி. "'ஏளா, நீ போயி வயிறு நெறையச் சாப்பிடு. அவனை நான் பாத்துக்கிடுதேன்'னு சொன்னா. நல்லாத் தெளிவாச் சொன்னா. அதுக்கப்புறம்தான எனக்குச் சோறே எறங்குச்சு."

இசக்கிராஜாவின் கை தானாக வாய்க்குப் போயிற்று. தகட்டுப் பல் கிழித்த புண் கடவாயில் இன்னும் ஆறாமல் இருந்தது. அந்தப் பல்லைக் கடித்துக்கொண்டு எந்த மனுஷனாலும் ஒரு சொல் பேச முடியாது என்று அவளிடம் சொல்லப் போனான். கையிலும் பிடரியிலும் மயிர் எல்லாம் எழுந்து நின்றது. அவள் அதைக் கவனிக்காமல் எழுந்து போய், ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்து வைத்தாள்.